எந்தக் கை பெரியது? போக்கர் கற்கத் தொடங்குபவர்களுக்கு

போக்கர் கற்றுக்கொண்ட புதிதில் ஒருநாள் என்னிடம் ஓர் 8-உம் ஒரு 5-உம் வந்தன. பணம் எதுவும் வைக்காமல் தீக்குச்சிகளை வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 8, 5, ராஜா என மூன்று சீட்டுகள் விழுந்தன. எனக்கு எடுத்த எடுப்பிலேயே இரண்டு ஜோடி. அடுத்து ஒரு ஜாக்கி, அதனால் எனக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. கடைசியாக இன்னொரு ராஜா. என் கணக்கில் இப்போது மூன்று ஜோடி! சீட்டைத் திருப்பிப் போட்டு, “மூணு ஜோடி” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எதிரில் இருந்தவர் அலட்டிக்கொள்ளாமல் இரண்டு 9-களைத் திருப்பிக் காட்டினார். குவிந்திருந்த தீக்குச்சிகள் எல்லாம் அவர் பக்கம் போய்விட்டன. அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி, என்னிடம் மூன்று, பிறகு எப்படித் தோற்றேன் என்பது புரிய எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அந்தக் கணக்கைக் கீழே பிரித்துக் காட்டுகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். கைகளின், அதாவது ஐந்து சீட்டுக் கூட்டணிகளின், வரிசையை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்வதுதான் பலரும் பிடிக்கும் வழி. நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஸ்ட்ரெய்ட் (ஐந்தும் வரிசையாக) மேலா ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) மேலா என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குழம்பினேன். இந்த வரிசைக்குப் பின்னால் எளிமையான ஒரு கணக்கு இருக்கிறது: எது அரிதாக வருகிறதோ அது பெரியது. இது பிடிபட்டுவிட்டால் மனப்பாட வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் சீட்டுக்கட்டைப் பிரித்து வையுங்கள்

ஒரு சீட்டுக்கட்டை எடுத்து ஜோக்கர்களைத் தனியே வைத்துவிடுங்கள். மீதி 52. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என நான்கு சின்னங்கள், ஒவ்வொன்றிலும் 13 சீட்டுகள். ஏஸ்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்குக் கீழே ராஜா, ராணி, ஜாக்கி, 10, 9 என்று இறங்கி 2 வரை போகும்.

சின்னங்களுக்குள் உயர்வு தாழ்வு இல்லை. மற்ற சில சீட்டாட்டங்களில் இஸ்பேடுக்குத் தனி மரியாதை உண்டு என்பதால், புதிதாக வருபவர்கள் இங்கேயும் அதையே எதிர்பார்ப்பார்கள். போக்கரில் யார் ஜெயித்தார் என்று முடிவு செய்யும்போது இஸ்பேட் ஏஸும் கிளாவர் ஏஸும் ஒன்றுதான்.

அடுத்த விதி, இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது: ஒரு கை என்பது சரியாக ஐந்து சீட்டு. ஆட்டத்தின் வகையைப் பொறுத்து உங்கள் கண்முன் ஏழு சீட்டு இருக்கலாம், ஒன்பது இருக்கலாம். கணக்கில் வருவது அவற்றில் சிறந்த ஐந்து மட்டும். ஆறாவது சீட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்கு மதிப்பு இல்லை.

மூன்று கேள்விகள், பத்துப் படிகள்

ஐந்து சீட்டைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும். ஒரே எண் திரும்ப வந்திருக்கிறதா? எண்கள் வரிசையாக இருக்கின்றனவா? எல்லாம் ஒரே சின்னமா? ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இதில் முதல் இரண்டும் பழைய நண்பர்கள், செட்டும் சீக்வென்ஸும்தான். மூன்றாவது மட்டும் புதிது.

52 சீட்டிலிருந்து ஐந்தை எடுக்க மொத்தம் 25,98,960 வழிகள் உண்டு. அதில் பாதிக்குச் சற்று மேல், 13,02,540 வழிகளில், மூன்று கேள்விகளுக்குமே ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். இதுதான் அடிமட்டம், பெயர் ஹை கார்ட். கையில் உள்ள மிகப் பெரிய சீட்டுதான் அதன் பலம். இங்கே ஒரு சின்ன வேடிக்கை: இருப்பதிலேயே மட்டமான கை 7, 5, 4, 3, 2. இதைவிடக் கீழே போக முயன்றால் 6, 5, 4, 3, 2 ஆகி வரிசையில் வந்துவிடும், கை ஒரேயடியாக உயர்ந்துவிடும்.

அடுத்த படி ஒரு ஜோடி. 10,98,240 வழிகள், அதாவது நூற்றுக்கு 42 முறை. ஆக, ஐந்து சீட்டு போட்டால் பத்துக்கு ஒன்பது முறைக்கு மேல் ஒரு ஜோடியோ அல்லது அதுவும் இல்லாமலோதான் இருக்கும். மற்ற எட்டுப் படிகளும் மீதியுள்ள சிறிய பங்குக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டு ஜோடி, 1,23,552 வழிகள். அமெரிக்காவின் டெட்வுட் நகரில் 1876 ஆகஸ்ட் 2 அன்று சீட்டாடிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட வைல்ட் பில் ஹிக்காக்கின் கையில் ஏஸ் ஜோடியும் 8 ஜோடியும் இருந்ததாகச் சொல்வார்கள். அதனால் அந்தக் கைக்கு ‘செத்தவன் கை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. உண்மையோ கதையோ, இரண்டு ஜோடிக்கு உதாரணமாக நினைவில் நிற்கும்.

மூன்று சீட்டு ஒரே எண்ணாக வந்தால் த்ரீ ஆஃப் எ கைண்ட், 54,912 வழிகள். அதில் இரண்டு சீட்டு உங்கள் கையிலும் ஒன்று மேஜையிலும் இருந்தால் ஆட்டக்காரர்கள் ‘செட்’ என்பார்கள். ஒன்று கையிலும் இரண்டு மேஜையிலும் இருந்தால் ‘ட்ரிப்ஸ்’ என்பார்கள். பேச்சுவழக்குதான், மதிப்பில் வித்தியாசம் இல்லை.

இதற்கு மேலே வரும் ஆறும் இந்த வரிசையில் ஏறும்:

ஸ்ட்ரெய்ட்: ஐந்தும் வரிசையாக, சின்னம் கலந்து. உதாரணம் 5, 6, 7, 8, 9. வழிகள் 10,200.
ஃப்ளஷ்: ஐந்தும் ஒரே சின்னம், வரிசை தேவையில்லை. 5,108.
ஃபுல் ஹவுஸ்: ஓர் எண்ணில் மூன்று, இன்னொன்றில் ஜோடி. 3,744.
ஃபோர் ஆஃப் எ கைண்ட்: நான்கும் ஒரே எண். 624.
ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்: வரிசையும் உண்டு, சின்னமும் ஒன்றே. 36.
ராயல் ஃப்ளஷ்: ஒரே சின்னத்தில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ். 4.

ராயல் ஃப்ளஷ் தனி வகையே இல்லை, இருப்பதிலேயே உயரமான ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் அது. பெயர் மட்டும் தனியாகக் கிடைத்திருக்கிறது. ஐந்து சீட்டுப் போட்டதும் அது நேராக வந்து விழ 6,49,740-இல் ஒரு வாய்ப்பு. எனக்கு இதுவரை வந்ததில்லை, அதில் வருத்தமும் இல்லை.

ஃபுல் ஹவுஸுக்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை டாய்ல் பிரன்சன் 1976, 1977 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் வென்றார். இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தில் அவரிடம் இருந்தவை ஒரு 10-உம் ஒரு 2-உம். தொடங்கும்போது யாரும் விரும்பாத கூட்டணி அது. இரண்டு முறையும் அது மூன்று 10, இரண்டு 2 என ஃபுல் ஹவுஸாக முடிந்தது. இன்றைக்கும் 10-2 கூட்டணிக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்காக 10-2 வந்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம்!

எல்லோரும் தடுமாறும் இடம்: ஸ்ட்ரெய்ட்டா, ஃப்ளஷ்ஷா?

வரிசையாக ஐந்து சீட்டு கிடைப்பதுதான் கஷ்டம் என்று முதலில் தோன்றும். ஒரே சின்னத்தில் ஐந்து என்பது அவ்வளவு பெரிய விஷயமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வரிசைகள் மொத்தம் பத்துதான். ஏஸ்-2-3-4-5 தொடங்கி 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் வரை. ஒரு வரிசையில் உள்ள ஒவ்வொரு சீட்டும் நான்கு சின்னத்தில் எதுவாகவும் இருக்கலாம். ஆக 4-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 1,024. பத்து வரிசைக்கும் சேர்த்து 10,240. அதில் ஒரே சின்னமாக அமைந்துவிடும் 40-ஐ மேல் படிக்கு அனுப்பிவிட்டால் மீதி 10,200.

இப்போது ஃப்ளஷ். ஒரு சின்னத்தின் 13 சீட்டிலிருந்து ஐந்தை எடுக்க 1,287 வழிகள். நான்கு சின்னத்துக்கு 5,148. அதே 40-ஐக் கழித்தால் 5,108. ஸ்ட்ரெய்ட் வருவதில் ஏறக்குறைய பாதி முறைதான் ஃப்ளஷ் வருகிறது. அதனால் ஃப்ளஷ் மேலே.

ஃபுல் ஹவுஸையும் இதே கையோடு பார்த்துவிடலாம். மூன்றாக வரும் எண்ணுக்கு 13 வாய்ப்பு, அதன் நான்கு சீட்டில் மூன்றை எடுக்க 4 வழி. ஜோடியாக வரும் எண்ணுக்கு மீதி 12 வாய்ப்பு, நான்கில் இரண்டை எடுக்க 6 வழி. 13, 4, 12, 6 எல்லாவற்றையும் பெருக்கினால் 3,744. ஃப்ளஷ்ஷைவிடக் குறைவு, அதனால் அதற்கும் மேலே.

மூன்று சீட்டு ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அங்கே வரிசை, நிறத்தை அடிக்கும். அது தப்பு இல்லை. மூன்று சீட்டை மட்டும் வைத்து எண்ணினால் வரிசைக்கு 720 வழிகள், ஒரே சின்னத்துக்கு 1,096 வழிகள். அங்கே வரிசைதான் அரிது. ஐந்து சீட்டுக்குப் போனதும் தலைகீழாகிவிடுகிறது. விதியைப் போட்டவர்கள் மனம்போன போக்கில் போடவில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஏஸின் இரட்டை வேடம்

ஏஸ் பொதுவாக எல்லாவற்றிலும் பெரியது என்றேன். ஸ்ட்ரெய்ட்டில் மட்டும் அது 1-ஆகவும் நடிக்கலாம்: ஏஸ், 2, 3, 4, 5. அப்படி நடிக்கும்போது கையின் உயரம் 5-தான், ஏஸ் இல்லை. ஆகவே 2, 3, 4, 5, 6 வைத்திருப்பவர் இதை அடித்துவிடுவார். ஏஸ் இருக்கிற தைரியத்தில் இங்கே அதிகம் கட்டி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

ஆனால் ஏஸ் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை கோக்க முடியாது. ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்பது வரிசை ஆகாது. வரிசை வட்டமாகச் சுற்றி வராது. அந்த ஐந்தும் வெறும் ஏஸ் ஹை கார்ட்.

இருவருக்கும் ஒரே வகைக் கை வந்தால்

எந்தக் கை எதற்கு மேல் என்ற வரிசையை ஒருவர் ஒரே மாலையில் கற்றுவிடலாம். உண்மையான வாக்குவாதமெல்லாம் இங்கேதான் வரும்.

ஜோடிக்கு ஜோடி என்றால் பெரிய ஜோடி ஜெயிக்கும். இரண்டு ஜோடியில் முதலில் இருவரின் பெரிய ஜோடியை மட்டும் ஒப்பிட வேண்டும். ஏஸ் ஜோடியும் 2 ஜோடியும் வைத்திருப்பவர், ராஜா ஜோடியும் ராணி ஜோடியும் வைத்திருப்பவரை வெல்வார். கூட்டிப் பார்த்தால் ராஜாவும் ராணியும் வலுவாகத் தெரியும். போக்கரில் கூட்டல் கிடையாது. எப்போதும் மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, முதல் வித்தியாசம் வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

ஃப்ளஷ்ஷிலும் அப்படியே. ஏஸ், 9, 6, 4, 2 ஆட்டின் ஒருவரிடம். ராஜா, ராணி, ஜாக்கி, 10, 8 இஸ்பேட் இன்னொருவரிடம். பின்னது பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் முதல் சீட்டிலேயே ஏஸ் ஜெயித்துவிட்டது.

ஃபுல் ஹவுஸில் மூன்றாக இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 4, 4, 4, 2, 2 பெரியதா, 3, 3, 3, ஏஸ், ஏஸ் பெரியதா? முன்னதுதான். ஸ்ட்ரெய்ட்டில் உச்சியில் உள்ள சீட்டைப் பார்த்தால் வேலை முடிந்தது.

சரி, ஜோடியும் ஒன்றே என்றால்? அப்போதுதான் கிக்கர் வருகிறது. ஐந்து சீட்டில் ஜோடி போக மீதி நிற்கும் தனிச் சீட்டுகளுக்கு அந்தப் பெயர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஹோல்டம் என்ற ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும், மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறந்து வைக்கப்படும். முதலில் ஒன்றாக மூன்று, அது ஃப்ளாப். பிறகு ஒன்று டர்ன், கடைசியாக ஒன்று ரிவர்.

மேஜையில் ஏஸ், 9, 6, 4, 2. சின்னங்கள் நன்றாகக் கலந்திருக்கின்றன, ஃப்ளஷ் வர வழியில்லை. முதல் ஆளிடம் ஏஸும் ராஜாவும், இரண்டாவது ஆளிடம் ஏஸும் ஜாக்கியும். இருவருக்குமே ஏஸ் ஜோடி. முதல் ஆளின் ஐந்து: ஏஸ், ஏஸ், ராஜா, 9, 6. இரண்டாவது ஆளின் ஐந்து: ஏஸ், ஏஸ், ஜாக்கி, 9, 6. மூன்றாவது சீட்டில் ராஜா ஜாக்கியை அடிக்கிறது, முதல் ஆள் ஜெயித்தார்.

இப்போது மேஜையை மாற்றுவோம். ஏஸ், ராஜா, ராணி, 8, 3, சின்னங்கள் முன்போலவே கலந்து. முதல் ஆளிடம் ஏஸும் 7-உம், இரண்டாவது ஆளிடம் ஏஸும் 5-உம். 7 பெரியது, முதல் ஆள் ஜெயித்தார் என்று சொல்ல வாய் வரும். எழுதிப் பாருங்கள். முதல் ஆள்: ஏஸ், ஏஸ், ராஜா, ராணி, 8. இரண்டாவது ஆள்: ஏஸ், ஏஸ், ராஜா, ராணி, 8. இருவரின் ஐந்தும் ஒன்றுதான். 7-உம் 5-உம் ஐந்துக்குள் இடம் பிடிக்கவே இல்லை. நடுவில் குவிந்திருக்கும் பந்தயத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். சின்னம் பார்த்து ஒருவருக்குக் கொடுப்பது இங்கே செல்லாது.

இப்போது என் ‘மூன்று ஜோடி’க்கு வருவோம். மேஜையில் 8, 5, ராஜா, ஜாக்கி, ராஜா. என்னிடம் 8, 5. ஐந்து சீட்டுதான் கை, அதற்குள் இரண்டு ஜோடிக்கு மேல் இடம் இல்லை. ஆக என் கை: ராஜா, ராஜா, 8, 8, ஜாக்கி. 5 ஜோடி வெளியே நின்றுவிட்டது. அவரிடம் 9, 9. அவர் கை: ராஜா, ராஜா, 9, 9, ஜாக்கி. பெரிய ஜோடி இருவருக்கும் ராஜாதான், அது மேஜையின் பொதுச் சொத்து. இரண்டாவது ஜோடியில் 9, 8-ஐ அடித்துவிட்டது. கடைசி ராஜா விழும்வரை நான்தான் முன்னே இருந்தேன். நான் கொண்டாடிய அதே சீட்டுதான் என்னைக் கவிழ்த்தது.

சில சமயம் மேஜையில் உள்ள ஐந்தே எல்லோருடைய கையாகவும் ஆகிவிடும். நடுவில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் விழுந்து, எந்தச் சின்னமும் மூன்று முறை வரவில்லை என்றால் அங்கே அதற்கு மேல் ஒரு கை அமையவே முடியாது. உங்களிடம் ஏஸ் ஜோடி இருந்தாலும் சரி, 2-உம் 7-உம் இருந்தாலும் சரி, ஆட்டத்தில் மிச்சம் இருக்கும் எல்லோருக்கும் சமபங்கு.

மேஜையைப் படிப்பது

உங்கள் கையைப் பார்க்கும் முன் நடுவில் இருப்பதைப் பார்க்கப் பழகுங்கள். எதிராளியிடம் என்ன இருக்கலாம் என்பதைவிட என்ன இருக்கவே முடியாது என்பதை அது சொல்லிவிடும்.

மேஜையில் ஜோடி இல்லையென்றால் யாரிடமும் ஃபுல் ஹவுஸ் இருக்க முடியாது, ஃபோர் ஆஃப் எ கைண்டும் இருக்க முடியாது. ஒரே சின்னத்தில் மூன்று சீட்டு இல்லையென்றால் யாரிடமும் ஃப்ளஷ் இல்லை. ஸ்ட்ரெய்ட்டுக்கு, தொடர்ச்சியான ஐந்து எண்களுக்குள் அடங்கும் மூன்று வெவ்வேறு எண்கள் மேஜையில் வேண்டும். இதை மூன்று நொடியில் பார்த்துவிடலாம்.

ஒரு மேஜையை வைத்துப் பழகுவோம்: இஸ்பேட் 7, இஸ்பேட் 8, டைமன் 8, கிளாவர் 2, இஸ்பேட் ராணி. மூன்று இஸ்பேட் இருக்கிறது, ஃப்ளஷ் சாத்தியம். 8 ஜோடி இருக்கிறது, ஃபுல் ஹவுஸும் நான்கு 8-களும் சாத்தியம். ஸ்ட்ரெய்ட்? 7, 8, ராணி மூன்றும் ஐந்து எண்களுக்குள் அடங்கவில்லை. 8, ராணி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் 9, 10, ஜாக்கி மூன்றும் ஒருவர் கையில் இருக்க வேண்டும், கையிலோ இரண்டுதான். ஏஸையும் 2-ஐயும் வைத்துக் கீழ்வரிசை கட்டவும் வழியில்லை. ஆகவே ஸ்ட்ரெய்ட் கிடையாது, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்ஷும் கிடையாது.

இதே மேஜையில் ஒருவரிடம் இரண்டு 7, இன்னொருவரிடம் 8-உம் 2-உம் இருந்தால்? முதல் ஆள் 7, 7, 7, 8, 8. இரண்டாவது ஆள் 8, 8, 8, 2, 2. மூன்றாக இருப்பதை முதலில் பார்க்க வேண்டும் என்ற விதிப்படி இரண்டாவது ஆளுக்குத்தான் வெற்றி. கையில் ஜோடி வைத்திருந்தவருக்கு இது வலிக்கும்.

கடைசியில் சீட்டைக் காட்டும்போது நீங்கள் வாயால் என்ன சொன்னீர்கள் என்பது பொதுவாகக் கணக்கில் வராது. மேஜையில் திறந்து கிடக்கும் சீட்டுதான் பேசும். அதனால் சந்தேகம் வந்தால் எதுவும் அறிவிக்காமல் இரண்டு சீட்டையும் திறந்து வைத்துவிடுங்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்து மூடி எறிந்துவிட்டுப் பிறகு, ‘அட, என்னிடம் ஃப்ளஷ் இருந்ததே’ என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏழு சீட்டில் ஒரு விசித்திரம்

மேலே சொன்ன எண்ணிக்கையெல்லாம் ஐந்தே சீட்டு போடும்போது. ஏழிலிருந்து சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் ஹோல்டமில் எல்லாக் கையும் கொஞ்சம் சுலபமாகிவிடுகிறது. ஒரு ஜோடி நூற்றுக்கு ஏறக்குறைய 43.8 முறை வருகிறது, எதுவுமே இல்லாத ஹை கார்ட் 17.4 முறைதான். அரிதானது பெரியது என்றால் இங்கே ஹை கார்ட் ஜோடியை அடிக்க வேண்டும் அல்லவா? அடிக்காது. வரிசை ஐந்து சீட்டுக் கணக்கில் உருவானது, அதையே ஏழிலும் வைத்துக்கொள்கிறார்கள். மாற்றினால் அபத்தமாகிவிடும்: ஜோடி வைத்திருப்பவர் அதை மறைத்து, வேறு ஐந்தைக் காட்டி ஹை கார்ட் என்று சொல்லப் பார்ப்பார். மற்றபடி மேல் படிகளின் வரிசை ஏழு சீட்டிலும் அப்படியே பொருந்துகிறது.

வேறு ஆட்டங்களுக்குப் போகும்போது

2 முதல் 5 வரை நீக்கிவிட்டு 36 சீட்டில் ஆடும் ஷார்ட் டெக்கில் ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸை அடிக்கும். காரணம் அதே எண்ணிக்கைதான்: ஒரு சின்னத்தில் 9 சீட்டே இருப்பதால் ஃப்ளஷ் 480 வழிகளாகச் சுருங்கிவிடுகிறது, ஃபுல் ஹவுஸோ 1,728 வழிகளில் வருகிறது. மட்டமான கைக்கே பரிசு என்ற லோபால் ஆட்டங்களும் உண்டு. அவற்றில் ஒரு வகையில், நான் மேலே கேலி செய்த 7, 5, 4, 3, 2 கலப்புச் சின்னத்தில் வந்தால் அதுதான் உச்சம்.

ஒமாஹாவில் ஆளுக்கு நான்கு சீட்டு. கையிலிருந்து சரியாக இரண்டு, மேஜையிலிருந்து சரியாக மூன்று எடுத்தே ஆக வேண்டும். மேஜையில் நான்கு ஆட்டின், உங்களிடம் ஒரே ஒரு ஆட்டின் ஏஸ் என்றால் ஹோல்டமில் அது ஃப்ளஷ். ஒமாஹாவில் இல்லை. ஹோல்டமிலிருந்து வருபவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் விழுந்து எழுவார்கள்.

தனியாகப் பழக ஒரு வழி

கட்டை நன்றாகக் கலைத்து, ஏழு சீட்டை எடுத்துத் திறந்து வையுங்கள். சிறந்த ஐந்து எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், வகையை மட்டும் இல்லாமல் ஐந்து சீட்டையும். ‘இரண்டு ஜோடி’ என்று நிறுத்தாமல் ‘ராஜா ராஜா, 8 8, ஜாக்கி’ என்று முழுதாகச் சொல்வதுதான் பயிற்சி. மீண்டும் கலைத்துப் போடுங்கள். முதல் பத்து முறை மெதுவாகத்தான் போகும். கொஞ்சம் பழகியதும், ஐந்து சீட்டை நடுவிலும் இரண்டிரண்டாக நான்கு பேருக்கும் போட்டு, யாருக்கு வெற்றி என்று சொல்லிப் பாருங்கள்.

எனக்கு ஒருமுறை இப்படி வந்தது: ஆட்டின் ஏஸ், ஆட்டின் 2, கிளாவர் 3, ஆட்டின் 4, ஆட்டின் 5, ஆட்டின் 9, டைமன் 9. கண்ணில் முதலில் பட்டது 9 ஜோடி. அப்புறம் ஏஸ், 2, 3, 4, 5 என்ற ஸ்ட்ரெய்ட் தெரிந்தது. அதோடு திருப்தியாகி அடுத்த சுற்றுக்குக் கலைக்கக் கை நீட்டினேன். அப்போதுதான் சின்னங்களை எண்ணினேன். ஆட்டின் ஐந்து இருந்தது. சரியான விடை ஃப்ளஷ்: ஏஸ், 9, 5, 4, 2. அந்தக் கிளாவர் 3 மட்டும் ஆட்டின் 3-ஆக வந்திருந்தால் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்ஷே ஆகியிருக்கும்.